சீனா தாக்காது: ஒரு நம்பிக்கையின் பன்னிரண்டு ஆண்டுகள்

1950 நவம்பர் 7 அன்று உள்துறை அமைச்சர் வல்லபாய் படேல், பிரதமர் நேருவுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். சீனப் படை கிழக்குத் திபெத்துக்குள் நுழைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வடக்கு எல்லையைப் பற்றி இந்தியா கவலைப்படாமல் இருந்த காலம் முடிந்துவிட்டது, நாம் சீனர்களை நண்பர்களாகக் கருதினாலும் அவர்கள் நம்மை அப்படிக் கருதவில்லை, எல்லைப்புறச் சாலைகள், படை, உளவு எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பதினோரு நாள் கழித்து நேரு தன் எண்ணத்தை ஒரு குறிப்பாக எழுதிவைத்தார். கண்ணுக்கெட்டிய காலத்தில் சீனாவிடமிருந்து பெரும் படையெடுப்பு வராது, வந்தால் அது உலகப் போரில் போய் முடியும், நமக்கு முதன்மையான அச்சுறுத்தல் பாகிஸ்தான்தான், இரண்டு பக்கமும் படை நிறுத்தும் வலிமை நமக்கு இல்லை என்றது அந்தக் குறிப்பு. டிசம்பர் 15 அன்று படேல் இறந்துபோனார். விவாதமும் அத்தோடு நின்றது.

இருவர் மேசைக்கும் வந்த செய்திகள் பெரும்பாலும் ஒன்றே. நாட்டின் நலன் எது என்பதிலும் இருவருக்கும் பெரிய பிணக்கு இருக்கவில்லை. ஆனாலும் முடிவுகள் எதிரெதிர்த் திசையில் போயின. பூகோளமும் படைபலமும் பொருளாதாரமும்தான் வெளியுறவுக் கொள்கையைத் தீர்மானிக்கின்றன என்று வாதிடுவோர் திணறும் இடம் இது. மலை அதேதான், படை அதேதான், கருவூலமும் அதேதான். அவற்றைப் பார்த்த மனங்கள்தான் வேறு.

அந்த மனத்தை முறையாக ஆராயும் முயற்சி இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வலுத்தது. ராண்ட் நிறுவனத்துக்காக நேதன் லைட்டஸ், 1951-ல் சோவியத் தலைமையின் எழுதப்படாத நடைமுறை விதிகளை லெனின், ஸ்டாலின் எழுத்துகளிலிருந்து தொகுத்தார். 1969-ல் அலெக்சாண்டர் ஜார்ஜ் அந்த முறையைப் பத்துக் கேள்விகளாகச் சுருக்கினார். அரசியல் என்பது அடிப்படையில் இணக்கமா மோதலா? எதிராளி எப்படிப்பட்டவன்? வரலாற்றின் போக்கைத் தலைவரால் எவ்வளவு திருப்ப முடியும்? ஆபத்தை எப்படி அளப்பது? எப்போது நகர்வது, எந்தக் கருவியை எடுப்பது? இவற்றுக்கு ஒரு தலைவர் மனத்துக்குள் வைத்திருக்கும் விடைகள் தெரிந்தால், நெருக்கடியில் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை ஓரளவு ஊகிக்கலாம் என்பது ஜார்ஜின் வாதம்.

இத்துறையில் ஒரு சுவையான செய்தி உண்டு. அதன் இரு கிளைகளை வளர்த்த இருவர் உடன்பிறந்தவர்கள்; பின்லாந்தின் வெளியுறவு அமைச்சராக இருந்த ருடால்ஃப் ஹோல்ஸ்டியின் மகன்கள். அண்ணன் ஓலே ஹோல்ஸ்டி, அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸின் பேச்சுகளையும் அறிக்கைகளையும் வரிவரியாக ஆராய்ந்து 1962-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சோவியத் ஒன்றியம் கடுமை காட்டினால், அதன் இயல்பு அதுதான் என்றார் டல்லஸ். இறங்கிவந்தால், பலவீனத்தால் இறங்குகிறது என்றார். 1956-ல் மாஸ்கோ 12 லட்சம் வீரர்களைக் குறைப்பதாக அறிவித்தபோதும் அவர் மனம் மாறவில்லை. எந்தச் சான்று வந்தாலும் அதைத் தனக்குச் சாதகமாக விழுங்கிக்கொள்ளும் நம்பிக்கை அது.

தம்பி கலெவி ஹோல்ஸ்டி தனிமனிதரை விட்டு நாட்டைப் பார்த்தார். 1965 முதல் 1967 வரை 71 அரசுகளின் தலைவர்கள் பேசிய பேச்சுகளைத் திரட்டி, தம் நாடு உலகில் எந்தப் பாத்திரத்தை ஏற்றிருப்பதாக அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள் என்று 1970-ல் வகைப்படுத்தினார். நடுவர், பிராந்தியத் தலைவர், விசுவாசக் கூட்டாளி, புரட்சியின் அரண், அணிசாராத் தன்னாட்சியாளர் என்று பதினேழு பாத்திரங்கள். அவருடைய கண்டுபிடிப்பில் எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. சராசரியாக ஒரு நாடு நான்கைந்து பாத்திரங்களை ஒரே சமயத்தில் சுமக்கிறது. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

நேருவின் சீனக் கொள்கையில் அண்ணன் சொன்னதையும் தம்பி சொன்னதையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. சிக்கலே அதுதான். 1962 சீனப் போரில் கண்ட தோல்வியை ஒரு மனிதரின் ஏமாளித்தனமாகச் சொல்லும் கதை நம்மிடம் நன்றாக வேரூன்றிவிட்டது. எனக்கு அது சோம்பேறித்தனமான கதையாகத் தோன்றுகிறது. சீனா தாக்காது என்ற நம்பிக்கை, இந்தியா ஏற்றிருந்த இரண்டு முரண்பட்ட பாத்திரங்களை ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. அதைக் கைவிட்டால் இரண்டில் ஒன்றையும் கைவிட வேண்டியிருக்கும். நம்பிக்கை அத்தனை ஆண்டுகள் நீடித்ததன் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

நம்பிக்கையின் வேர் விடுதலைக்கு முந்தையது. 1927 பிப்ரவரியில் பிரசல்ஸில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் நேரு சீனப் பிரதிநிதிகளைச் சந்தித்தார்; இரு நாட்டவரும் சேர்ந்து கூட்டறிக்கை வெளியிட்டார்கள். ஜப்பானியப் படையெடுப்பின்போது, 1938-ல், காங்கிரஸ் ஒரு மருத்துவக் குழுவைச் சீனாவுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு நேருவே சீனாவின் போர்க்காலத் தலைநகரான சுங்கிங் போனார். ஐரோப்பாவில் போர் மூண்டதால் பாதியில் திரும்பினார். இரண்டு பழம்பெரும் நாகரிகங்கள், இரண்டுமே அந்நியரிடம் அடிபட்டவை, ஆசியாவின் எழுச்சி இவை சேர்ந்தால்தான் என்ற சித்திரம் இருபது ஆண்டுகளில் அவர் மனத்தில் உருவானது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. வலுவாக இருந்த காலங்களில் எல்லாம் சீனா விரிந்திருக்கிறது என்பதை அவரே குறிப்பிட்டிருக்கிறார். எல்லையில் உரசல் வரும், ஊடுருவல் வரும் என்றும் எதிர்பார்த்தார். போர் வராது என்பதுதான் அவர் கணக்கு.

பாத்திரத்தை எழுதியவரும் அவரே. 1920-களின் இறுதியிலிருந்து காங்கிரஸின் வெளியுறவுத் தீர்மானங்களில் பெரும்பாலானவை அவர் கையால் வரையப்பட்டவை. 1946 செப்டம்பரில் இடைக்கால அரசின் சார்பில் வானொலியில் பேசியபோதே, எந்த வல்லரசு முகாமிலும் சேரமாட்டோம் என்றார். 1947 முதல் 1964-ல் இறக்கும்வரை பிரதமரும் அவரே, வெளியுறவு அமைச்சரும் அவரே. சுதந்திர இந்தியா உலகில் யார் என்ற கேள்விக்கு அவர் மனத்தில் இருந்த விடை, எந்த இழப்பும் இல்லாமல் அரசின் விடையாக மாறியது. டல்லஸுக்கு மேலே அதிபர் ஐசன்ஹோவர் என்று ஒருவர் இருந்தார். நேருவுக்கு மேலே யாரும் இல்லை. படேலுக்குப் பின் பக்கத்திலும் இல்லை.

அந்தப் பாத்திரம் முதலில் நல்ல பலன் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1950 அக்டோபர் 2 நள்ளிரவு தாண்டிய வேளையில் சீனப் பிரதமர் சௌ என்லாய், பீக்கிங்கில் இந்தியத் தூதராக இருந்த கே.எம். பணிக்கரை அழைத்தார். கொரியாவில் அமெரிக்கப் படை 38-ஆம் அட்சக்கோட்டைக் கடந்தால் சீனா தலையிடும் என்றார். டெல்லி அதை வாஷிங்டனுக்குச் சேர்த்தது. பணிக்கர் சீனச் சார்பானவர், இது வெறும் மிரட்டல் என்று அமெரிக்கர்கள் ஒதுக்கினார்கள். அதே மாதம் சீனப் படை யாலு ஆற்றைக் கடந்தது. செய்தி சரி, கொண்டுவந்தவர்மீது இருந்த சந்தேகம் அதைக் கொன்றது. பின்னாளில் டெல்லியின் தவறுகளைப் பட்டியலிடுவோர், வாஷிங்டனின் இந்தத் தவறையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

1953-ல் கொரியப் போர் ஓய்ந்தபோது, தாயகம் திரும்ப மறுத்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைவர். காவல் படைக்குத் தோரட். 1954 ஜெனீவா மாநாட்டுக்குப் பின் வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றிலும் கண்காணிப்பு ஆணையங்களுக்கு இந்தியா தலைமை தாங்கியது. பட்டினியும் அகதிச் சுமையும் தீராத ஒரு புது நாட்டுக்குக் கிடைத்த இந்த மதிப்பு, படையால் வந்ததல்ல, பாத்திரத்தால் வந்தது. ஒரு பாத்திரம் இவ்வளவு ஈட்டித் தரும்போது அதன் அடிப்படையைச் சந்தேகிக்கும் மனம் எளிதில் வருவதில்லை.

1954 ஏப்ரல் 29 அன்று திபெத்துடனான வணிகம் பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தானது. பஞ்சசீலம் என்று பின்னர் புகழ்பெற்ற ஐந்து கொள்கைகள் அதன் முகப்பில் இருந்தன. எல்லை எங்கே என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரிட்டிஷாரிடமிருந்து வந்த திபெத்திய உரிமைகளை இந்தியா விட்டுக்கொடுத்தது. கைம்மாறாக எல்லை ஏற்பைக் கேட்டு வாங்கவில்லை. இது அப்பாவித்தனத்தின் சான்றாகவே எப்போதும் காட்டப்படுகிறது. ஆனால் இரண்டே மாதத்தில், அதே ஆண்டு ஜூலையில், நேரு தன் அதிகாரிகளுக்கு இன்னொரு குறிப்பு அனுப்பினார். வடக்கு எல்லையைத் திட்டவட்டமான கோடாக வரைந்து புதிய வரைபடங்கள் அச்சிட வேண்டும், அந்த எல்லை யாருடனும் பேச்சுவார்த்தைக்கு உரியதல்ல என்றது அது. அதுவரை பல வரைபடங்களில் லடாக்கின் அக்சாய் சின் பகுதி வரையறுக்கப்படாததாகவே காட்டப்பட்டுவந்தது. ஆசியாவின் சமாதானத் தூதர் என்ற பாத்திரத்தோடு, ஓர் அங்குலமும் விடாத இறையாண்மையின் காவலர் என்ற இரண்டாம் பாத்திரமும் ஒரே மனிதரின் பேனாவிலிருந்து, ஒரே கோடைக்காலத்தில் வந்தன.

சில ஆண்டுகள் இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. 1955-ல் பாண்டுங்கில் சௌ என்லாயை ஆசிய ஆப்பிரிக்கத் தலைவர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பவர்போல நேரு நடந்துகொண்டார். சௌ அதை ரசித்தாரா என்பது வேறு கதை. 1957-ல் சின்ஜியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் சாலை முடிந்ததாகச் சீனா அறிவித்தது. அது அக்சாய் சின் வழியாகப் போகிறது என்பது 1958-ல் உறுதியானது. நேரு அதை நாடாளுமன்றத்திடம் சொன்னது 1959 ஆகஸ்டில். இதற்கிடையில், எல்லை ஒருபோதும் முறையாக வரையறுக்கப்பட்டதில்லை என்று அந்த ஆண்டு ஜனவரியில் சௌ எழுதிவிட்டார். மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பிவந்தார். அக்டோபர் 21 அன்று லடாக்கின் கொங்கா கணவாயில் இந்தியக் காவலர் ரோந்துக்குழு சுடப்பட்டது. நாடு முழுதும் ஆண்டுதோறும் அனுசரிக்கப்படும் காவலர் வீரவணக்க நாள் அந்தச் சம்பவத்தின் நினைவுதான்.

மறைத்ததற்காகத் தாக்கப்பட்ட நேரு, 1959 செப்டம்பர் முதல் சீனாவுடனான கடிதப் போக்குவரத்து முழுவதையும் வெள்ளை அறிக்கைகளாக அச்சிட்டு நாடாளுமன்றத்தில் வைக்கத் தொடங்கினார். ஜனநாயகத்துக்கு அழகான செயல். ஆனால் பாத்திரங்களுக்கு ஒரு குணம் உண்டு. தலைவர் அதை ஊரறிய ஏற்றுக்கொண்டபின், அது அவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை; பத்திரிகை, எதிர்க்கட்சி, சொந்தக் கட்சி, நீதிமன்றம் எல்லாம் அதன் காவலர்களாகிவிடுகின்றன. 1960 மார்ச் 14 அன்று பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலப்பகுதியை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசியலமைப்பைத் திருத்தியாக வேண்டும் என்று கருத்துரைத்தது. அது பாகிஸ்தானோடு செய்த ஒப்பந்தம் பற்றியது என்றாலும், சீனப் பேச்சுவார்த்தைக்கும் அதன் நிழல் நீண்டது. அடுத்த மாதமே சௌ என்லாய் டெல்லி வந்தார். கிழக்கே, பிரிட்டிஷார் காலத்து எல்லையான மக்மகான் கோட்டை ஒட்டிய நிலையைச் சீனா ஏற்கும், மேற்கே அக்சாய் சின்னை இந்தியா விட வேண்டும் என்ற பரிமாற்றத்தை வெளிப்படையாகச் சொல்லாமல் சொன்னார். நேரு அவரைக் கோவிந்த வல்லப பந்த், மொரார்ஜி தேசாய் போன்ற மூத்த அமைச்சர்களிடமும் அனுப்பினார். அங்கே கிடைத்த வரவேற்பு இன்னும் கடுமை. சௌ வெறுங்கையோடு திரும்பினார்.

இனி இருந்த வழிகளை எண்ணிப் பார்க்கலாம். பேரம் பேசி நிலம் மாற்றிக்கொள்ளலாம். இறையாண்மையின் காவலர் என்ற பாத்திரம் அதை அடைத்துவிட்டது. மேற்கு நாடுகளிடம் ஆயுதம் வாங்கி, பொருளாதாரத் திட்டத்தைச் சுருக்கி, பெரும் போருக்குத் தயாராகலாம். அணிசேராச் சமாதானத் தூதர் என்ற பாத்திரம் அதை அடைத்தது. எஞ்சியது ஒன்றுதான்: போர் இல்லாமல் உறுதி காட்டுவது. சர்ச்சைக்குரிய இடங்களில் சிறுசிறு காவலிடங்களை முன்னே கொண்டுபோய் நிறுவுவது. 1961 நவம்பர் 2 அன்று நேரு தலைமையில் நடந்த கூட்டம் அதைத்தான் முடிவு செய்தது. 'முன்னகர்வுக் கொள்கை' என்று அதற்குப் பெயர் வந்தது. இது பலிக்க ஒரே நிபந்தனை, சீனர்கள் சுடாமல் இருக்க வேண்டும். அவர்கள் சுடமாட்டார்கள் என்ற மதிப்பீட்டை உளவுத்துறை இயக்குநர் பி.என். மல்லிக்கின் அலுவலகம் முன்னரே கொடுத்திருந்தது. தலைவர் என்ன நம்புகிறார் என்பது அனைவருக்கும் தெரிந்த தலைநகரில், உளவறிக்கைகளும் அந்தத் திசையில் சாய்வதில் வியப்பில்லை.

சான்று எப்படி விழுங்கப்படுகிறது என்பதற்கு 1962 ஜூலை நல்ல உதாரணம். கல்வான் பள்ளத்தாக்கில் கூர்க்கா வீரர்கள் இருந்த ஓர் இந்தியக் காவலிடத்தைச் சீனர்கள் பல மடங்கு படையோடு சுற்றிவளைத்தார்கள். சில நாள் மிரட்டினார்கள். பிறகு சற்றுப் பின்வாங்கினார்கள். கடைசி எச்சரிக்கை என்று இதைப் படித்திருக்கலாம். உறுதியாக நின்றால் சீனர்கள் பின்வாங்குவார்கள் என்பது நிரூபணமாகிவிட்டதாக டெல்லி படித்தது. டல்லஸ் எதைப் பார்த்தாலும் பகைமையைக் கண்டதுபோல, அவரை அறவே பிடிக்காத நேருவின் அரசு எதைப் பார்த்தாலும் அடக்கத்தைக் கண்டது. கையிலுள்ள படைபலத்தைப் பார்த்து அரசியல் முடிவெடுங்கள் என்று மேற்குப் படைப்பிரிவின் தளபதி தௌலத் சிங் ஆகஸ்டில் எழுதினார். பலனில்லை.

அக்டோபர் 12 அன்று, இலங்கைப் பயணத்துக்காக டெல்லி விமான நிலையத்துக்கு வந்த நேரு, நம் நிலத்தை மீட்கப் படைக்கு உத்தரவிடப்பட்டிருப்பதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். போரை எதிர்பார்த்த தலைவர் அப்படி ஒரு வாக்கியத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு வெளிநாடு போகமாட்டார். எட்டு நாள் கழித்து, அக்டோபர் 20 அதிகாலை, இரு முனைகளிலும் சீனா தாக்கியது. முதல் நாளே வீழ்ந்த காவலிடங்களில் கல்வானும் ஒன்று.

உலகம் வேடிக்கை பார்க்காது என்ற பழைய கணக்கும் அதே வாரத்தில் உடைந்தது. கியூபா ஏவுகணை நெருக்கடியில் வாஷிங்டனும் மாஸ்கோவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. சீனாவைக் கட்டுப்படுத்தும் என்று நம்பப்பட்ட சோவியத் ஒன்றியத்தின் ‘பிராவ்தா’, சீனாவின் பேச்சுவார்த்தை யோசனையை இந்தியா ஏற்க வேண்டும் என்று அக்டோபர் 25 அன்று எழுதியது. யதார்த்தத்தோடு தொடர்பற்று, நாமே உண்டாக்கிக்கொண்ட சூழலில் வாழ்ந்துவந்தோம் என்று நேரு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நவம்பர் 19 அன்று, கிழக்கு முனையில் போம்டிலாவும் வீழ்ந்த நிலையில், அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் எழுதினார். பன்னிரண்டு போர் விமானப் படையணிகளை, அமெரிக்க வீரர்களோடு, கேட்டார். முகாம்களுக்கு வெளியே நின்ற பாத்திரம் அந்தக் கடிதங்களில் முடிந்துபோயிற்று. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். பதில் வருமுன்னே சீனா தானாகப் போர்நிறுத்தம் அறிவித்தது. அரசின் கணக்கில் 1,383 வீரர்கள் மாண்டார்கள். காணாமல் போனவர்கள் ஏறத்தாழ 1,700 பேர். சிறைபிடிக்கப்பட்டவர்கள் நாலாயிரத்தை நெருங்கினார்கள்.

பீக்கிங்கிலும் ஒரு நம்பிக்கை வேலை செய்தது. சீனாவின் போர் முடிவை ஆராய்ந்த ஜான் கார்வர் சுட்டுவது இது. திபெத்தில் நடந்த கிளர்ச்சிக்குச் சீனாவின் சொந்த அடக்குமுறை காரணமாக இருக்கலாம் என்பதை மாவோவின் தலைமையால் ஏற்க முடியவில்லை. எனவே நேருதான் திபெத்தைப் பறிக்கப் பார்க்கிறார், பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் வாரிசு அவர் என்று முடிவு கட்டினார்கள். அடைக்கலம் கொடுத்ததும் காவலிடம் அமைத்ததும் அந்தச் சதியின் அங்கங்களாகவே அவர்களுக்குத் தெரிந்தன. ஏகாதிபத்தியத்தை விரட்டிய புரட்சி அரசு என்ற பாத்திரத்தில் நிற்கும் நாடு, தான் ஏகாதிபத்தியமாக நடந்துகொள்வதைப் பார்ப்பது கடினம்.

டிசம்பர் 10 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க கொழும்பில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். இலங்கை, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, ஐக்கிய அரபுக் குடியரசு என ஆறு அணிசேரா நாடுகள் கூடி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே சமரசம் பேசின. சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று மாநாடு கண்டிக்கவில்லை. கொரியாவில் இந்தியா ஏற்றிருந்த நடுவர் பாத்திரத்தை இப்போது ஒரு சின்னத் தீவு நாடு ஏற்று, இந்தியாவையே வழக்காளிகளில் ஒருவராக உட்காரவைத்தது. நடுவர் எந்தப் பக்கமும் சாயமாட்டார் என்பதை டெல்லி அன்று வழக்காளியின் இருக்கையிலிருந்து அறிந்தது.

பாத்திரத்தைக் கைவிடாமலே நம்பிக்கையை மாற்ற முடியும் என்பதற்கு நேருவின் மகளே சான்று. 1971 ஜூலையில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிங்கர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பீக்கிங் போய்வந்ததும், ஆகஸ்ட் 9 அன்று இந்திரா காந்தி சோவியத் ஒன்றியத்தோடு உடன்படிக்கை செய்தார். பாகிஸ்தானுடனான டிசம்பர் போருக்கு முன் தன் முதுகைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அந்த உடன்படிக்கையின் நான்காவது விதி, இந்தியாவின் அணிசேராக் கொள்கையைச் சோவியத் ஒன்றியம் மதிப்பதாகச் சொல்கிறது. தந்தைக்கு அணிசேராமை உலகைப் பற்றிய ஒரு தீர்ப்பு. மகளுக்கு அது நாட்டின் முகவரி. எதிராளி அடிக்கக்கூடும் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. இது அறத்தில் உயர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவர் நம்பிக்கை எதையும் ஒட்டவைக்க வேண்டிய அவசியத்தில் இல்லை. எனவே சான்று வந்தபோது அதைச் சான்றாகவே பார்க்க முடிந்தது.

1962 தோல்வியை விசாரிக்க லெப்டினென்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் நியமிக்கப்பட்டார்கள். பயிற்சி, தளவாடம், கட்டளை முறை, வீரர்களின் உடல்தகுதி, தளபதிகளின் திறன் ஆகியவற்றை ஆராய்வதுதான் அவர்களுக்கு இடப்பட்ட பணி. சீனா தாக்காது என்ற முடிவு எந்த மேசையில், எந்தச் சான்றின்பேரில் எடுக்கப்பட்டது என்பது அவர்கள் வரம்புக்குள் வரவில்லை. 1963-ல் அறிக்கை தரப்பட்டது. 2014-ல் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டார். எந்தக் கட்சி ஆண்டாலும் அரசு அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டதில்லை. அரை நூற்றாண்டு கடந்த ஓர் அறிக்கையில் காக்க வேண்டிய படை ரகசியம் இருக்கிறது என்பதை நம்புவது கடினம். அதை முழுமையாக வெளியிட்டு, பிரதமர் அலுவலகத்திலும் வெளியுறவு அமைச்சகத்திலும் கிடக்கும் அந்தக் காலக் கோப்புகளையும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.